பர்கர் கடையில் ஒரு பூசணித் தலை

1

ஒரு பூசணிக்காய் என் மகளைக் கடத்திக்கொண்டு போய்விடும் என்று ஆறு வாரம் நம்பினேன். வயது நாற்பத்தாறு. சேலத்தில் படித்து வாங்கிய பி.காம். பட்டம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டு நாட்டில் வண்டி ஓட்ட உரிமம் உண்டு. இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

தோட்டத்துப் பூசணிக்காய் இல்லை. என் மகள் ஜெனி கையில் வைத்திருக்கும் விளையாட்டுப் பெட்டிக்குள் நடமாடுகிற ஒன்று. மனித உடம்பு, ஆரஞ்சு நிறத்தில் பூசணித் தலை, வெட்டிவைத்த கண், வெட்டிவைத்த சிரிப்பு. புது வீட்டுக்குத் திருஷ்டிக்காகக் கட்டுவார்களே, அதற்குக் கை கால் முளைத்து இறங்கி வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. தலைக்கு மேலே 'மிஸ்டர் பம்ப்கின்' என்று பெயர் மிதக்கும்.

நேற்று எங்கள் கல்யாண நாள். பதினாறு வருடம் முடிந்தது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊர். ஏற்காட்டு மூடுபனியை எடுத்து வருடம் முழுக்க இழுத்துக் கட்டினால் கிடைக்கும் ஊர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். போர்வையும் விரிப்பும் வெள்ளையாக வரும், வெள்ளையாகப் போகும். நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமலிருக்கப் பழகிவிட்டால் நல்ல வேலை.

என் மனைவி ரெஜினா பதினாலு மாதத்துக்கு முன்னால் ஊருக்குப் போனாள். ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையில் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ளப் போனாள். அந்த அம்மா ஐந்து மாதம் படுக்கையில் இருந்துவிட்டுக் காலமானார். அதற்குள் ரெஜினாவுக்கு இந்த நாட்டில் இருக்கக் கொடுத்திருந்த அனுமதி முடிந்துபோனது. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். அவள் அங்கிருந்து போட்டாள், நான் இங்கிருந்து கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை. ஆகவே நானும், எட்டாம் வகுப்பு படிக்கிற ஜெனியும், இரண்டு பேருக்கு மூன்று தலையணையுமாக ஒரு வீட்டில் இருக்கிறோம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் குடிவரவு அலுவலகத்துக்குப் போன் போடுவேன். நாற்பது நிமிடம் பியானோ வாசிப்பார்கள். பிறகு ஒரு மரியாதையான குரல் வரும். விண்ணப்பதாரர் யார் என்று கேட்கும். என் மனைவி என்பேன். அப்படியானால் விண்ணப்பதாரரிடம் மட்டும்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டு நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தும். நானும் அமையட்டும் என்பேன். திங்கட்கிழமை முடிந்துவிடும்.

2

இனி பர்கர் கடை.

சனிக்கிழமை காலையில் ஜெனிக்கு நீச்சல் வகுப்பு. பதினொன்றரைக்கு முடியும். எனக்கு ஒரு மணி வரை வேலை. ஒன்றரைக்குப் போய் அழைத்துக்கொள்வேன். நடுவில் இரண்டு மணி நேரம் அவள் நீச்சல் குளத்துக்கு எதிரே இருக்கும் பர்கர் கடையில் காத்திருப்பாள். கண்ணாடிச் சுவர், நல்ல கூட்டம், வெளிச்சம், சூடு. கதவில் பெரிய எழுத்தில் 'இலவச வயர்லெஸ் இணையம்' என்று போட்டிருந்தது.

இலவசம் என்ற சொல்லை நம் ஆட்கள் சும்மா விடமாட்டோம். முதல் வாரம் நானே ஜெனியோடு போனேன், பைலோடு. பாஸ்போர்ட் நகல், வீட்டு முகவரிக்கான சான்று, மின்சார ரசீது, என்னுடையதும் அவளுடையதுமாக இரண்டிரண்டு புகைப்படம். இலவசமாக மிக்சி கொடுத்தபோது என்னென்ன கேட்டார்கள் என்பது எனக்கு மறக்குமா? கவுண்டரில் நின்றிருந்த பெண்ணிடம் பைலை நீட்டி, இலவச வயர்லெஸ்ஸுக்கு எங்கே பதிய வேண்டும் என்று கேட்டேன். அவள் ஜெனியைப் பார்த்தாள். ஜெனி கூரையைப் பார்த்தாள்.

"அப்பா, சும்மா உக்காந்தாப் போதும்."

"சும்மா எப்படிக் கண்ணு உக்கார்றது?"

இதுதான் எனக்கு உண்மையிலேயே புரியாத இடம். என் அப்பா அதே ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுகிற வேலை. பஸ்ஸுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அரை மணிக்கு ஒன்று வாங்கியாக வேண்டும். ஒரு டீ, பிறகு ஒரு பன், பிறகு இன்னொரு டீ. மூன்றாவது டீ வயிறு ஏற்காவிட்டால் கடைக்காரர் பார்க்காத நேரத்தில் வேலி ஓரம் ஊற்றிவிடுவார். "வெறும் பெஞ்சத் தேய்க்காத சாமி, ஒரு பன்னாச்சும் வாங்கு" என்பார் என்னிடம். ஏனென்று நான் கேட்டதில்லை. நாகலூரில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் வாங்குவார்கள்.

ஆகவே ஜெனியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அரை மணிக்கு ஒன்று வாங்கு. அவள் ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கி இரண்டு மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் காலிக் கோப்பையின் எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு பெட்டியோடு கூச்சலிடுவார்கள். கடைக்காரர்கள் யாரும் பார்ப்பதுகூட இல்லை. பார்க்காத கடைக்காரர் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டிலேயே விளையாடக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. கணக்குப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தபோது வீட்டு இணையத்தில் விளையாட்டையெல்லாம் நானே பூட்டிவிட்டேன். பூட்டிய பெருமையில் மூன்று நாள் நிமிர்ந்து நடந்தேன். தெருமுனைக்கு ஒரு கடையில் அதை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

3

அக்டோபர் முதல் வாரம். சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் ஒன்று கசிந்து, எல்லாரையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டேமுக்காலுக்குப் பர்கர் கடையின் கண்ணாடிச் சுவரருகே வந்துவிட்டேன். உள்ளே ஜெனி தெரிந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால் புரியும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ரெஜினாவுக்கு வீடியோ போன் போடுவோம். ஊரில் அவளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, வாசல் கேட்டருகே நின்றுதான் பேசுவாள். முகம் கட்டங்கட்டமாக உடைந்து உடைந்து வரும்.

"கண்ணு, சாப்டியா?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன பண்ணுன?"

"ம்."

"ஏனுங்க, என்னுங்க இது, புள்ள இப்படி ஆயிட்டா?"

"ஒண்ணுமில்ல, இங்கிலீஷ் தண்ணி. ரெண்டு எழுத்துக்கு மேல தமிழ் வந்தா தனியா வரி போடறாங்க."

ரெஜினா சிரிப்பாள். சிரித்தபடியே உடைந்து போய்விடுவாள். சிக்னலைச் சொல்கிறேன். ஆகஸ்டிலிருந்து ஜெனி இப்படித்தான். அம்மா மேல் கோபமோ, பதிமூன்று வயதோ என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. பெட்டியின் திரையில் அவளுடைய பொம்மையும், அதன் பக்கத்தில் அந்தப் பூசணித் தலையும் குளத்தங்கரையில் குதித்துக்கொண்டிருந்தன. நான் கதவைத் திறந்ததும் ஜெனி திரையை மடியில் கவிழ்த்தாள்.

"யாரு கண்ணு அது?"

"பிரெண்ட்."

"எந்த ஊரு?"

"கேம்ல ஊரெல்லாம் இல்லப்பா."

4

ஊர் இல்லாத ஆளை நான் எப்படி நம்புவது? எங்கள் மலையில் புது ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கினால், அவர் கால் தரையில் படுவதற்குள் எந்த ஊர், யார் வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்று மூன்று கேள்வி கேட்டு முடித்திருப்போம்.

திங்கட்கிழமை பியானோ கேட்டு முடித்தபின் சலவைக்கூடத்தில் குணம் அண்ணையிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார். எந்தச் சந்தேகத்துக்கும் ஒரு பயங்கரமான பதில் வைத்திருப்பார்.

"தம்பி, உந்தக் கதையை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

"ஏண்ணே?"

"தாயும் இல்லை, தகப்பன் வேலைக்கு, பிள்ளை கடையில தனிய இருந்து ஆரோ பூசணிக்காயோட கதைக்குது. பள்ளிக்கூடம் கேள்விப்பட்டா வீட்டுக்கு ஆள் வரும். எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போவாங்கள். பிறகு உங்கட மனுசியின்ர பேப்பருக்கும் அது போய்ச் சேரும்."

"பூசணிக்காய்க்கும் விசாவுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"இஞ்ச எல்லாம் சம்பந்தம்."

அன்றிலிருந்து எனக்கு இரட்டைப் பயம். பூசணிக்காய் ஒரு பக்கம். நான் வெளியே சொன்னால் ரெஜினா வராமலே போய்விடுவாளோ என்பது மறுபக்கம். போலீசுக்கும் போக முடியாது, பள்ளிக்கும் போக முடியாது, ரெஜினாவிடமும் சொல்ல முடியாது. அங்கே கேட்டருகே நின்று அழுவாள். ஆகவே நானே உளவு பார்ப்பது என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

தொப்பி ஒன்று வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி ஏற்கெனவே இருந்தது. மழைநாளில், கூரைக்கடியில், கறுப்புக் கண்ணாடியோடு, குழந்தைகள் நிறைந்த கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நடுவயதுக்காரனைப் பார்த்துப் பக்கத்து மேசைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். யாரைக் கண்டு நான் பயந்தேனோ, அந்த ஆளாக அந்தக் கடையில் இருந்தது நான் ஒருவன்தான். அரை மணிக்கொரு தரம் எழுந்துபோய் உருளைக்கிழங்கு வறுவல் வேறு வாங்கினேன். மூன்று வாரத்தில் பேன்ட் பொத்தான் போட மறுத்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஜெனி எழுந்து நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அப்பா, அந்த மூக்கு நம்ம குடும்பத்துக்கே இருக்கு. தொப்பி போட்டா எனக்குத் தெரியாதா?"

"நான் சும்மா வறுவல் சாப்பிட வந்தேன் சாமி."

"நாலு பாக்கெட்டா?"

என்னைத் தன் மேசைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நிபந்தனை ஒன்றுதான், பேசக் கூடாது. திரையின் ஓரத்தில் எழுத்து வந்து போகும் கட்டத்தை விரலால் மூடிக்கொண்டாள். மற்றதைப் பார்க்க விட்டாள்.

அப்படித்தான் பூசணிக்காயை நேருக்கு நேர் கவனிக்க ஆரம்பித்தேன். மனதுக்குள் குறிப்பும் எடுத்தேன். பன்னிரண்டரைக்கு வரும். ஒன்றரைக்குச் சொல்லி வைத்தாற்போல் போய்விடும். பாதி விளையாட்டில் இருந்தாலும் போய்விடும். அக்டோபர் கடைசியில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். தள்ளியதும் பூசணிக்காய் பதினொன்றரைக்கே வந்து பன்னிரண்டரைக்கே போக ஆரம்பித்தது. நீச்சலிலிருந்து அரை மணி முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்று ஜெனி கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆகவே இவன் கடிகாரத்தை மாற்றாத தேசத்தவன் என்று கண்டுபிடித்தேன். பாதி உலகம் அப்படிப்பட்ட தேசம்தான். இந்தியாவும் அதில் உண்டு என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பயத்தில் இருப்பவனுக்குப் பூகோளம் வராது.

5

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. அந்த விளையாட்டில் ஆளுக்கொரு வயல் உண்டு. பூசணிக்காய் வழக்கம்போலத் தன் வயல் நடுவில் அசையாமல் நின்றது. ஜெனியின் பொம்மை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏன் கண்ணு அது நிக்குது? செத்துப்போச்சா?"

"எதையோ வாங்கப் போயிருக்கு. அரை மணிக்கு ஒரு தடவ போகும். ஏன்னு கேட்டா, கடையில சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்காதாம்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஜூஸ் குழாயைக் கடித்தாள்.

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. இலவச வயர்லெஸ் போட்ட கடையில், யாரும் கேட்காமல், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய் எதையாவது வாங்குகிற ஜாதியை எனக்குத் தெரியும். ரெஜினாவை முதன்முதலாக நான் பார்த்ததே அப்படித்தான். நாகலூர் பஸ் நிறுத்தத்தில், இரண்டு மணி நேரம் வராத பஸ்ஸுக்காக, மடியில் நான்கு பன்னோடு உட்கார்ந்திருந்தாள். "பசிங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க, பஸ் லேட்டுங்க" என்றாள். அந்தப் பதில் எனக்கு முழுசாகப் புரிந்தது. கல்யாணம் செய்துகொண்டோம்.

வயலையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளின் வயலில் எல்லாம் ரோஜாவும் நீரூற்றும். பூசணிக்காயின் வயலில் முதலில் உயரமான மரம், வரிசையாக. அதன் நிழலில் குட்டைச் செடி. விளையாட்டில் நிழலுக்கு ஒரு வேலையும் கிடையாது, வெயிலும் கிடையாது. இருந்தாலும் நிழல் இல்லாமல் செடி வைக்க அந்தக் கைக்கு மனது வரவில்லை. காபிச் செடிக்கு நிழல் மரம் வைக்கும் காட்டில் வளர்ந்த கை.

ஜெனி கழிப்பறைக்குப் போகும்போது பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "எதையும் அமுக்காத" என்றாள். பூசணிக்காய் திரும்பி வந்தது. என் எதிரே நின்று கையை ஆட்டியது. பதிலுக்குக் கையை ஆட்ட எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. ஒன்றை அமுக்கினேன். ஜெனியின் பொம்மை பூச்சி பிடிக்கும் வலையை எடுத்துப் பூசணித் தலையில் ஓங்கி அடித்தது. கீழே ஆங்கில எழுத்தில் நம் தமிழ் மிதந்து வந்தது.

'என்ன கண்ணு அம்மாவ அடிக்கற'

ஜெனி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. பார்த்தேன் என்று நானும் சொல்லவில்லை. போய் ஒரு வறுவல் வாங்கி வந்தேன்.

6

பயம் போனதும் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த முட்டாள்தனம் வந்தது.

ஏன் ஒளிக்கிறார்கள்? அம்மாவும் மகளும் என்னிடம் மறைக்கிறார்கள் என்றால் ஏதோ இன்ப அதிர்ச்சி. கல்யாண நாள் இரண்டு வாரத்தில் வருகிறது. விசா வந்துவிட்டது! அலுவலகம் விண்ணப்பதாரரிடம் மட்டும்தானே பேசும், ஆகவே ரெஜினாவிடம் பேசிவிட்டது. கல்யாண நாளன்று வாசலில் வந்து நிற்கப் போகிறாள். எல்லாம் பொருந்தியது. பொருந்தாததை நான் பொருத்தினேன்.

வீட்டைத் துடைத்தேன். அவளுடைய அலமாரியில் ஏறி உட்கார்ந்திருந்த என் சட்டைகளை இறக்கினேன். மழையில் கதவு ஊதி இறுகியிருந்ததைச் சீவி எண்ணெய் விட்டேன். மிளகுப்பொடி டப்பாவைக் கழுவினேன், ஊரிலிருந்து புதிது கொண்டு வருவாள் என்று. குணம் அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

"பேப்பர் வந்ததைக் கண்ணால கண்டனீங்களோ?"

"இல்லண்ணே. ஊகம்."

"ஊகத்துக்கு என்னத்துக்கு எண்ணெய் விடுறீங்கள்?"

ஜெனி நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் துணியை வாங்கித் தானும் துடைத்தாள். ஜன்னல் ஒன்றையே வெகுநேரம் துடைத்தாள். பூரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுக்க வாசல் மணி அடிக்கவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்கு ரெஜினாவின் போன் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். விமான நிலையத்திலிருந்து கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன். பின்னால் ஜீப் ஒன்று ஏறுகிற சத்தம் கேட்டது. மஞ்சக்குட்டை ரோட்டு ஜீப்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு. பூசணிக்காய்ப் பொரியல்."



"தெரிஞ்சு போச்சுங்களா?"

"அரை மணிக்கு ஒண்ணு வாங்குனா ஆரும் கண்டுபிடிச்சிருவாங்க. என்ன வாங்குவ?"

"பப்ஸுங்க. ஏரிக்குப் பக்கத்துல புதுசா ஒரு சிக்கன் கடைங்க. சிக்கன் எனக்கு ஒத்துக்கறதில்லீங்களே. தம்பி பெங்களூர்ல இருந்து அவனோட பழைய பொட்டியக் குடுத்தான். பேரும் அவன் வெச்ச பேருதானுங்க. ஊட்டுல சிக்னல் இல்லாம டவுனுக்குப் போவேன். ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன்."

"சரி. எப்ப வர்ற?"

"நான் வர்லீங்க."

"இந்த மாசம் வர்லியா?"

"வர்லீங்க. ஆகஸ்ட் மாசமே எழுதிக் குடுத்துட்டேனுங்க, மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்னு."

ஆகஸ்டுக்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமை என்று என் மனது எண்ணத் தொடங்கியது. பதினைந்துக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். அந்த மரியாதையான குரல்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வாழ்த்தியது அதனால்தானோ என்னவோ.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒரு ஜோக் அடிப்பீங்க. நான் சிரிச்சிருவேன். சிரிச்சா கெளம்பிருவேனுங்க. போன தடவ அப்படித்தான வந்தேன்?"

உண்மை. முதல் தடவை இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது மலை இறங்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தாள். "அங்க கொசு கெடையாது, உங்கம்மாவும் கெடையாது" என்றேன். அடிவாரம் வருவதற்குள் சிரித்துவிட்டாள். அதை என் சாதனைகளில் ஒன்றாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அங்க காலைல எந்திருச்சா எதுக்கு எந்திருச்சேன்னு தெரியாதுங்க. நீங்க வேலைக்கு, புள்ள ஸ்கூலுக்கு. நான் ஜன்னலுக்கு. இங்க எந்திரிக்கும்போதே நாலு பேரு கேட்டுல நிக்கறாங்க, 'அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம் பறிக்கறது'ன்னு. அம்மா போனதுக்கப்புறம் காபிக்காடு என்னைய நம்பி நிக்குதுங்க. எனக்கும் நொம்பப் புடிச்சிருக்குங்க. தப்புங்களா?"

"புள்ளைகிட்ட சொன்னியே?"

"அவகிட்ட மொதல்ல கேட்டேனுங்க, அங்கயா இங்கயா, நீ எங்க இருக்கப் போறேன்னு. உங்களுக்குத் தெரிஞ்சா அவளையும் சிரிக்க வெச்சே உங்க பக்கம் இழுத்துருவீங்க. அவளா யோசிக்கட்டும், கல்யாண நாள் வரைக்கும் டைம் எடுத்துக்கட்டும்னு சொன்னேன். அவதான் சொன்னா, போன்ல பேச முடியாது, அப்பா பக்கத்துலயே இருக்காங்கன்னு. வெளையாடிக்கிட்டே பேசுனோம். பாதி நேரம் பேசறது கூட இல்லீங்க. செடி வைப்போம்."

என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. நல்ல ஜோக். நாக்கின் நுனிவரை வந்தது. அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அதற்காகத்தான் காத்திருக்கிறாள், அதைக் கண்டுதான் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. சொல்லவில்லை.

"தப்பில்ல" என்றேன்.

"அழறீங்களா?"

"இல்ல."

அதுவும் உண்மை. அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி விரிப்பைச் சூடாக மடிக்கும்போது விரல் நுனி மரத்துப்போகும். சூடு தெரியும், வலி தெரியாது. அப்படி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

"ஜெனி என்ன சொன்னா?"

"அவளையே கேளுங்க."

ஜெனி அடுத்த அறையில் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். விளையாட்டுப் பெட்டி அணைந்து மேசையில் கிடந்தது.

"நான் இங்கதான்ப்பா இருப்பேன். ஸ்கூல் முடியற வரைக்கும். லீவுக்கு அங்க."

"எனக்காகவா?"

"இல்ல. ஸ்விம்மிங் டீம்ல எடுத்துட்டாங்க."

"எப்ப?"

"செப்டம்பர்ல."

அதையும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். நான் கேட்கவே இல்லை என்றாள்.

வீட்டு இணையத்தில் போட்டிருந்த பூட்டை நேற்று மாலை எடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமையும் கடைக்கே போகிறோம் என்றாள் ஜெனி. ரெஜினா டவுனுக்கு வந்துதான் ஆக வேண்டும், வீட்டில் சிக்னல் இல்லை.

நடந்தது இதுதான். ரெஜினா ஆகஸ்ட் மாதம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அவள் மஞ்சக்குட்டையில் இருக்கிறாள். நானும் ஜெனியும் இங்கே இருக்கிறோம்.